எங்கை என்று மட்டும் கேட்டவர்

எங்கள் ஊர்க்காரரிடம் ஒரு செய்தியைச் சொன்னால் முதலில் வருவது "ஆர்?" என்ற கேள்வி. இன்னாருக்குச் சுகமில்லையாம் என்றால், எந்த இன்னார், ஆருடைய மகன், ஆரைக் கட்டினவர், எந்தத் தெரு ஒழுங்கை என்று வேர்வரை போய்ப் பார்த்த பிறகுதான் வருத்தப்படத் தொடங்குவோம். லண்டனுக்கு வந்து தலை நரைத்த பிறகும் இந்தப் பழக்கம் எங்களை விட்டுப் போகவில்லை.

எங்கள் பெயர்ப்பலகைக்காரரிடம் மட்டும் அது கிடையாது. எதைச் சொன்னாலும் அவர் கேட்பது "எங்கை?" என்று இடத்தை மட்டும்தான். கேட்டபடியே வான் சாவிக்காகப் பையைத் தடவத் தொடங்கியிருப்பார்.

மனோர் பார்க்கில் கோயிலுக்குப் போகும் தெருவில் அவருக்கு ஒரு பெயர்ப்பலகைக் கடை இருந்தது. தமிழ்க் கடைகளுக்குப் போர்ட், கல்யாண வீடுகளுக்குப் பானர், கார்க் கண்ணாடிக்கு ஸ்டிக்கர் எல்லாம் அங்கே அடிக்கலாம். வெட்டி மிஞ்சிய ஸ்டிக்கர் எழுத்துகள் கடை முழுக்கப் பறந்து கிடக்கும். அவருடைய முழங்கையில் எப்போதும் ஏதாவது ஓர் எழுத்து ஒட்டியிருக்கும். ஒருநாள் நெற்றியில் 'ழ' ஒட்டியதைக் கவனிக்காமல் வங்கிக்குப் போய் வந்தார். நான் சொன்னபோது, "அதுதான் வங்கியிலை அந்தப் பிள்ளை வடிவாய்ச் சிரிச்சுக் கதைச்சது" என்றார்.

அவருடைய இந்த 'எங்கை'யால் விளைந்த கூத்துகளில் எனக்கு மிகவும் பிடித்தது குட்மேய்ஸ் குடிபூரல்.

என் மச்சாள் குட்மேய்ஸில் வீடு வாங்கினாள். பால் காய்ச்சி, கணபதி ஓமமும் வளர்த்துத்தான் குடிபுகுவது என்று முடிவு. லண்டன் வீடுகளில் ஓமம் என்றால் ஒரு சிக்கல் உண்டு. ஐயர் நெய்யை ஊற்றியதும் கூரையில் இருக்கும் புகை அலாரம் கத்தத் தொடங்கிவிடும். அதற்கு எங்கள் ஆட்கள் கண்டுபிடித்த வழி, குளிக்கும்போது தலையில் மாட்டும் பிளாஸ்டிக் தொப்பியை அலாரத்துக்கு மாட்டிவிடுவது. ஓமம் முடியும், விருந்து முடியும், விருந்தினர் போவார்கள். தொப்பி மட்டும் வருடக் கணக்கில் அங்கேயே இருக்கும். அலாரம் ஊமையாகிப்போனது வீட்டில் எவருக்கும் நினைவிருக்காது. எங்கள் பெயர்ப்பலகைக்காரர் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் கூரையைப் பார்ப்பார். குடிபூரல் என்று கேள்விப்பட்டால், அழைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் போய், தொப்பி கழன்ற பிறகுதான் சாப்பிட உட்காருவார்.

மச்சாளின் குடிபூரலுக்கு நான்தான் அவரை அழைத்தேன். வழக்கம்போல் "எங்கை?" என்றார். தெருவின் பெயரைச் சொன்னேன். எங்கள் ஓமம் ஐயர் வரப் பிந்தியதால் இழுபட்டுக்கொண்டிருந்தது. அவரைக் காணாமல் போன் செய்தேன்.

"அண்ணை, எங்கை நிக்கிறியள்?"

"வீட்டிலைதான் பிள்ளை. சாப்பிட்டு முடிஞ்சுது. பாயாசம் நல்லாயிருக்கு."

"நாங்கள் இன்னும் ஓமமே முடிக்கேல்லை!"

பாயாசக் கோப்பையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "அப்ப அங்கை தொப்பி இன்னும் கழட்டேல்லையோ? இந்தா வாறன்" என்றார்.

நல்ல முகூர்த்தம் என்பதால் அதே தெருவில் இன்னொரு தமிழ்க் குடும்பமும் அன்று குடிபுகுந்திருந்தது. வாசலில் வாழைமரத்தைக் கண்டதும் இவர் செருப்பைக் கழற்றி உள்ளே போய்விட்டார். ஓமம் முடிந்ததும் கதிரை கேட்டு ஏறி, தொப்பியைக் கழற்றி, அலாரத்தை அழுத்திக் கத்தவைத்துப் பார்த்து, "இனிப் பயமில்லை" என்று இறங்கியிருக்கிறார். அந்த வீட்டார் இவரைக் கவுன்சிலிலிருந்து வந்த தமிழ் உத்தியோகத்தர் என்று எண்ணி, இரண்டு தரம் பாயாசம் ஊற்றினார்களாம். அவர்கள் யார் என்று கடைசிவரை அவர் கேட்கவில்லை. எங்கள் வீட்டிலும் மறுபடி இலை போட்டுச் சாப்பிட்டார்.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் அவருடைய கடையில் உட்கார்ந்து விசாரித்தேன். ஊரை விட்டு வெளிக்கிட்டவர் முதலில் போய்ச் சேர்ந்தது சுவிஸில் ஒரு மலைக் கிராமம். அங்கே ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். அந்தக் கிராமத்தில், உடலில் பலமுள்ளவர்கள் எல்லோரும் கிராமத் தீயணைப்புப் படையில் சேர வேண்டும். சேர விருப்பமில்லாதவர்கள் அதற்குப் பதிலாக வருடாவருடம் பணம் கட்ட வேண்டும்.

"ரெண்டு வழிதான் பிள்ளை. ஒண்டில் குழாயைப் பிடி, இல்லாட்டிக் காசைக் கட்டு. என்னட்டைக் காசு இல்லை. குழாயைப் பிடிச்சன்" என்றார்.

"ரெண்டும் செய்யாதவன்ரை வீடு எரிஞ்சால்?" என்று கேட்டேன்.

"அப்பிடி ஒருத்தன் இருந்தவன். ஊரோடை கோபம். வைக்கோல் கொட்டில் பத்தினது. போய்த் தண்ணி அடிச்சம். கணக்கைப் பேந்து, நெருப்பு அணைஞ்ச பிறகு, கிராமச் சபை பாத்துக்கொண்டது. நெருப்புக்கு முன்னாலை நிண்டு கணக்குக் கேக்கேலாது. முகம் சுடும்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

லண்டனில் எங்கள் ஊருக்கு ஒரு சங்கம் இருக்கிறது. நான் அதன் செயலாளர். ஒரு கோடையில் ஊரில் யாரோ குப்பைக்கு வைத்த நெருப்பு பனையோலை வேலியில் ஏறி, வளவு வளவாகத் தாவியது. பட்டணத்திலிருந்து தீயணைப்பு வண்டி வந்து சேர்ந்தபோது அணைப்பதற்கு எதுவும் மிஞ்சவில்லை. அந்த வருடம் சங்கம் பழைய உழவு மெசின் ஒன்றும், அது இழுத்துப்போகத் தண்ணீர் பவுசரும், ஒரு பம்பும் வாங்கி ஊரில் நிறுத்தியது. ஓட்டுவதற்கு ஒரு பையனைச் சம்பளத்துக்கு வைத்தது. செலவுக்கு லண்டனில் உள்ள குடும்பங்கள் சந்தா கட்டுவது என்று ஏற்பாடு.

அப்போதுதான் பொருளாளர் ஒரு விதியைக் கொண்டுவந்தார். சந்தா கட்டும் குடும்பங்களின் ஊர் வீடுகளுக்கு மட்டுமே பவுசர் போகும்.

பொருளாளரைக் கல்மனக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. கூட்டத்துக்கு முதலில் வந்து கதிரைகளைத் தானே விரிப்பவர், முடிந்ததும் தானே மடக்குபவர். அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது.

"டீசல் சும்மா வராது. டிரைவர் பெடியனுக்குச் சம்பளம் குடுக்கோணும். கட்டினவைக்கும் போகும், கட்டாதவைக்கும் போகும் எண்டால் வாற வருசம் ஆர் கட்டுவினம்? ஒருத்தரும் கட்டாட்டி மெசின் கொட்டிலுக்கை நிக்கும். அப்ப ஊரிலை ஒருத்தருக்கும் இல்லை" என்றார்.

எனக்கு அதில் பிழை காண முடியவில்லை. கூட்டமும் ஆம் என்றது. சந்தா கட்டிய வீடுகளை ஓட்டுநர் அடையாளம் காண்பதற்குப் வாசல் படலையில் சிவப்புத் தகடு ஒன்றைக் கட்டுவது என்றும் முடிவானது. அதுவும் பொருளாளரின் யோசனைதான். பழைய லண்டனில் தீக்காப்பு நிறுவனங்கள் தங்களிடம் பணம் கட்டியவர்களின் வீட்டுச் சுவரில் ஈயத் தகடு பதித்து வைத்தன. அப்படி ஒன்றை ஒரு பழைய கட்டடத்தில் அவர் பார்த்திருந்தார்.

"லண்டன்காரனே செய்த வேலை" என்றார் பெருமையாக.

பின் வரிசையிலிருந்து எங்கள் பெயர்ப்பலகைக்காரரின் குரல் வந்தது. "பேந்து லண்டன்காரன் அதை ஏன் விட்டவன் எண்டும் விசாரிச்சனீரோ?"

"சுவிஸ்காரர் சும்மா இரும்" என்றார் பொருளாளர். எல்லோரும் சிரித்தோம். தகடு அடிக்கும் வேலையை அவரிடமே கொடுத்தோம். லண்டனில் எங்களுக்குத் தெரிந்த வேறு ஆள் இல்லை. அதுதான் நாங்கள் விட்ட பிழை. பொருளாளரைக் கேட்டால் இன்றும் அப்படித்தான் சொல்வார்.

அந்த நாட்களில் நிலானி என்ற பெண் எங்கள் கூட்டங்களுக்கு வரத் தொடங்கியிருந்தாள். எங்கள் ஊர்தான். அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுக் குரோய்டனில் ஓர் அறையில் முடிவுக்காகக் காத்திருந்தாள். வேலை செய்ய அனுமதி இல்லை. ஆகவே சந்தா கட்ட வழியும் இல்லை. கூட்டத்தில் சும்மா இருக்கக் கூச்சப்பட்டு, எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பாள். ஊரில் அவளுடைய தாய் தனியாக இருந்தார். ஓலைக் கிடுகால் வேய்ந்த சமையல் குசினி, நாலு பக்கமும் ஓலை வேலி. விதி வந்த அன்று கோப்பைகளைக் கழுவிக்கொண்டே என்னிடம் மெதுவாகக் கேட்டாள். "அப்ப அக்கா, அம்மான்ரை வேலி பத்தினால் அந்த மெசின் வராதோ?"

"பாப்பம்" என்றேன்.

தகடுகள் ஊருக்குப் போய்ச் சேர்ந்தன. சில மாதங்களில் பொருளாளர் கோயில் திருவிழாவுக்காக ஊருக்குப் போனார். போன மறுநாளே சங்கத்தின் வாட்ஸப்பில் படங்கள் கொட்டத் தொடங்கின. எல்லாப் படங்களிலும் ஒரு படலை, அதில் ஒரு சிவப்புத் தகடு. கீழே ஒரு சொல்லும் எழுதப்படவில்லை. பொருளாளர் பேசாமல் படம் மட்டும் அனுப்பினால் அது பெரிய கோபம்.

அவர் திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், மனோர் பார்க்கில் வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் அவசரக் கூட்டம் கூடியது. கட்டாத வீடுகளின் தகடுகளைக் கழற்றுவதா, இல்லையா என்று வாக்கெடுப்பு. கழற்றினால் நிலானியின் தாய்க்குப் பவுசர் இல்லை. அதுவே விஷயம்.

பொருளாளர் எழுந்தார். "ஊர் முழுக்கக் கட்டியிருக்கு! கட்டினவைக்கும் ஒண்டு, கட்டாதவைக்கும் ஒண்டு. மாட்டுக் கொட்டிலுக்கு ஒண்டு. பஸ் தரிப்பிடத்துக்கும் ஒண்டு! பஸ் தரிப்பிடம் எந்த வருசம் சந்தா கட்டினது?"

"அது ஓலைக் கூரை எல்லே. பத்தும்" என்றார் பெயர்ப்பலகைக்காரர்.

"நீர் ஆரைக் கேட்டு இவ்வளவு அடிச்சனீர்?"

"தகட்டுச் சீட்டிலை மிச்சம் இருந்தது. வெட்டி எறியிறதே? டிரைவர் தம்பியிட்டை வீடுகள் எங்கை எங்கை இருக்கு எண்டு கேட்டன். அவன் சொன்னான். அனுப்பினன்."

"கட்டினது ஆர், கட்டாதது ஆர் எண்டு கேக்கேல்லையோ?"

"இல்லை. அது மறந்துபோச்சு."

அது மறதி இல்லை என்பது மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பலர் பொருளாளர் பக்கம்தான் இருந்தார்கள். தகடு எல்லோருக்கும் என்றால் நான் ஏன் கட்ட வேண்டும் என்று முன்வரிசையில் ஒருவர் வெளிப்படையாகவே கேட்டார். கழற்ற வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. நிலானி தேத்தண்ணிப் போத்தலைக் கையில் பிடித்தபடி கதவோரம் நின்றாள். யாருக்கும் ஊற்றவில்லை.

பெயர்ப்பலகைக்காரர் எழுந்து முன்னால் வந்தார். ஜாக்கெட் பையிலிருந்து கம்பி முறுக்கும் குறடு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

"கழட்டலாம். கட்டுக்கம்பிதான், ரெண்டு முறுக்கிலை வந்திடும். டிரைவர் தம்பிக்கு இப்பவே போன் அடிக்கிறன். ஆர் வீட்டிலை முதல் கழட்டுறது? பேரைச் சொல்லுங்கோ."

அவர் வாயிலிருந்து 'ஆர்' என்ற சொல் வந்து நான் கேட்டது அன்றுதான். போனைக் கையில் எடுத்து, மூக்குக் கண்ணாடியை உயர்த்தி, எழுதக் காத்திருக்கும் குமாஸ்தாவைப்போல எங்களைப் பார்த்தார்.

சிலர் கூரையைப் பார்த்தார்கள். முன்வரிசைக்காரர் செருமினார்.

"ஏன் அண்ணை பேர்? பொதுவாய்க் கழட்டச் சொல்லுவம்."

"பொதுவாய்க் கழட்டேலாது தம்பி. ஒவ்வொரு படலையாய்ப் போய்த்தான் கழட்டோணும். வீட்டுக்காரர் வெளியிலை வந்து 'என்ன' எண்டு கேப்பினம். பெடியன் என்ன சொல்லுறது? அதுக்குத்தான் பேர் கேக்கிறன்."

பொருளாளர் மறுபடி எழுந்தார். அவருடைய குரலில் கோபம் குறைந்து கவலை ஏறியிருந்தது. "சரி. கழட்டேல்லை எண்டு வையும். வாற வருசம் ஆர் கட்டுவினம்? அதுக்கு மறுமொழி சொல்லும்."

"சொல்லுறன். உம்மடை ஊர் வீட்டிலை இப்ப ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை. பூட்டியெல்லே கிடக்கு."

"உவற்றை வீடு?" என்று முன்வரிசைக்காரரைக் காட்டினார். அதுவும் பூட்டு. என் வீடும் பூட்டு. சந்தா கட்டியவர்களின் வீடுகளில் அனேகம் பூட்டு. கட்டியவர்கள் எல்லோரும் இங்கேதானே இருக்கிறோம்.

"பூட்டின வீடு பத்தினால் ஆர் கண்டு கத்துறது?"

பொருளாளரின் மதிலும் நிலானியின் தாய் வீட்டு வேலியும் ஒன்றோடு ஒன்று ஒட்டியவை. இந்தத் திருவிழாவுக்குப் போனபோதும் அவருடைய வளவைக் கூட்டித் துப்புரவாக்கி வைத்திருந்தவர் அந்த அம்மாதான். பொருளாளர் மெல்லத் திரும்பி நிலானியைப் பார்த்தார்.

"இவவின்ரை அம்மாதான் கத்தோணும்."

"அவ கத்தினால் லண்டனுக்கே கேக்கும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஓம் அண்ணை, அம்மாவுக்குத் தொண்டை நல்லது" என்றாள் நிலானி. மண்டபம் வெடித்துச் சிரித்தது. அவளும் சிரித்தாள்.

சிரிப்பு அடங்கியதும் பெயர்ப்பலகைக்காரர் சுவிஸ் கிராமத்தின் வழக்கத்தைச் சொன்னார். காசு தரக்கூடியவர்கள் காசு தரட்டும். முடியாதவர்கள் வாளியோடு வரட்டும், வேலியோரச் சருகைக் கூட்டட்டும், நெருப்பைக் கண்டால் கத்தட்டும். இரண்டில் எதைச் செய்தாலும் அவர்கள் சந்தாக்காரர்கள்தான். "உதிலை ஏமாத்துறவை இருப்பினமோ எண்டால் இருப்பினம். அங்கையும் இருந்தவை. அவைக்காக மற்றவையை எரிய விடேலுமே?"

பொருளாளர் மேசையில் இருந்த குறட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை அவரிடம் நீட்டினார்.

"நாலு வளவுக்குத் தகடு இல்லை" என்றார்.

"என்ன?"

"குளக்கட்டடியிலை. ஊர் முழுக்க நடந்து பாத்தனான். நாலு படலை விடுபட்டுப் போச்சு. போடுறதெண்டால் எல்லாத்துக்கும் போடோணும். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது."

வாக்கெடுப்பு நடக்கவில்லை. குளக்கட்டில் எந்த வளவு எங்கே இருக்கிறது என்பதில் பொருளாளருக்கும் நிலானிக்கும் தகராறு வந்து, கடதாசித் தட்டின் பின்புறத்தில் படம் கீறி, ஆளுக்கு ஆள் திருத்தி, மண்டபத்தைப் பூட்ட வந்தவர் மின்விளக்கை அணைத்து அணைத்துப் போட்டுக் காட்டும்வரை அது முடியவில்லை.

பொருளாளர் பயந்ததும் ஓரளவு நடந்தது. முன்வரிசைக்காரரும் இன்னும் சிலரும் சந்தாவை நிறுத்தினார்கள். வேறு சிலர் புதிதாகச் சேர்ந்தார்கள். ஒவ்வொரு வருடமும் டீசலுக்குப் போதுமா, போதாதா என்ற இழுபறிதான். பொருளாளர் ஆள் ஆளாகப் போன் செய்து வாங்கிச் சமாளிக்கிறார். பலகைக்காரர் இப்போது கடையை விற்றுவிட்டு ஸ்கொட்லாந்தில் ஒரு சிறிய கிராமத்தில் மகளோடு இருக்கிறார். அங்கேயும் யார் எவர் என்று தெரியாத வீடுகளுக்குள் போய்க் கூரையைப் பார்ப்பதாக மகள் முறையிடுகிறாள்.

அவர் லண்டனை விட்டுப் போவதற்கு முந்திய கோடையில், ஊரில் நிலானியின் தாய் வீட்டு வேலி தீப்பற்றியது. அயலார் வாளிகளோடு ஓடிவந்திருக்கிறார்கள். பவுசரும் வந்திருக்கிறது. நெருப்பு குசினிக்கு ஏறுமுன்னரே அணைந்துவிட்டது. நாங்கள் பதைத்துப்போய் வாட்ஸப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் அவருடைய கடையில்தான் நின்றேன். அப்போது அந்த அம்மாவின் குரல் பதிவு வந்தது. நிலானி சொன்னது உண்மை. கடைக்கு வெளியே தெருவில் போனவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பிள்ளையள், ஆர் உந்த மெசின்காரப் பெடியனைப் பழக்கினது? நெருப்பு வேலியிலை, அவன் அடிச்சது என்ரை கத்தரிக்கண்டுக்கு! வேலி நிக்குது, குசினி நிக்குது, காய்க்கிற கண்டு எல்லாம் படுத்துப்போச்சு. நானும் உங்கடை சங்கத்து ஆள்தான், கேக்க எனக்கு உரிமை இருக்கு. பொறுப்பான ஆரும் இருந்தால் மறுமொழி சொல்லுங்கோ!"

பெயர்ப்பலகைக்காரர் சிரித்த சிரிப்பில் கதிரையைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று. நாங்கள் என்ன எழுதலாம் என்று யோசிப்பதற்குள் பொருளாளர் முந்திக்கொண்டார்.

"மன்னிக்கோணும் அக்கா. இனிமேல் கண்டுகளைப் பாத்து அடிக்கச் சொல்லுறன். கத்தரி விதை அடுத்த கிழமை அனுப்பிவைக்கிறன்."